சிறு பத்தியில் சிக்கலையும் தீர்வையும் கண்டறியக் குழந்தைகளைப் பழக்குவது எப்படி?

ஒரு பத்தியைப் படித்து முடித்த குழந்தையிடம் ‘இதில் என்ன சிக்கல்?’ என்று கேட்டால், அது பெரும்பாலும் முதலில் நடந்த நிகழ்ச்சியையோ கண்ணில் பட்ட வருத்தமான செய்தியையோ விடையாகச் சொல்லும். நிகழ்ச்சி வேறு, சிக்கல் வேறு என்பதைத்தான் முதலில் புரியவைக்க வேண்டும். பின்வரும் பத்தியை எடுத்துக்கொள்வோம்.

“வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நிலாவின் பூனைக்குட்டி அலமாரியின் மேல் தாவி ஏறிவிட்டது. ஆனால், அதற்குக் கீழே இறங்கத் தெரியவில்லை. நிலா அதன் பெயரைச் சொல்லி அழைத்தாள். குட்டி இன்னும் பின்னால் நகர்ந்துகொண்டது. நாற்காலியில் ஏறிக் கையை நீட்டினாள், எட்டவில்லை. பிறகு அட்டைப்பெட்டிகளை அலமாரியை ஒட்டிப் படிபோல அடுக்கினாள். குட்டி ஒவ்வொன்றாக மிதித்து இறங்கி வந்தது.”

முதற்படியாக, பத்தியை இடைநிறுத்தாமல் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், குழந்தை விடையைத் தேடுமே தவிர கதையைப் படிக்காது.

இரண்டாவதாக, ‘யாருக்கு என்ன வேண்டும்? அதை எது தடுக்கிறது?’ என்று கேளுங்கள். மழை இங்கே யாரையும் தடுக்கவில்லை. அது பின்னணி மட்டுமே. குட்டி மேலே ஏறியது நிகழ்ச்சி. இறங்கத் தெரியாமல் அங்கேயே நிற்பதுதான் சிக்கல். இந்தத் தேடலில் தமிழ் வினைச்சொற்களே நமக்குத் துணை செய்கின்றன. ‘தெரியவில்லை’, ‘முடியாது’, ‘கிடைக்காமல்’ போன்ற எதிர்மறை வினைகளுக்கு அடிக்கோடிடச் சொன்னால், சிக்கல் பெரும்பாலும் அவற்றின் அருகிலேயே அகப்படும். ‘ஆனால்’ என்ற சொல்லும் நல்ல அடையாளம்தான். எனினும் ‘நேரம் ஆனால் கிளம்பலாம்’ என்பதில் அது நிபந்தனையையே குறிக்கிறது என்பதால், அச்சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது.

மூன்றாம் படியில்தான் குழந்தைகள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். நிலா மூன்று செயல்களைச் செய்கிறாள். மூன்றையும் தீர்வு என்று எழுதிவிடும் குழந்தைகள் உண்டு. தீர்வு என்ற சொல் ‘தீர்’ என்ற வினையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லி, ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் ‘சிக்கல் தீர்ந்ததா?’ என்று கேட்டுப் பாருங்கள். அழைத்தபோது தீரவில்லை, கையை நீட்டியபோதும் தீரவில்லை. ஆகவே அவை முயற்சிகள். பெட்டிகளை அடுக்கியதே தீர்வு. சிக்கலையும் தீர்வையும் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொல்லச் செய்யுங்கள்: ‘குட்டிக்கு இறங்கத் தெரியாததால், நிலா பெட்டிகளைப் படிபோல அடுக்கி அதை இறங்கச் செய்தாள்.’ இரண்டும் பொருந்தாவிட்டால் வாக்கியமே இடறும்.

கதையில் தேர்ச்சி பெற்ற பிறகு தகவல் பத்திகளுக்குச் செல்லலாம். எடுத்துக்காட்டாக, ஒரு பத்தி இப்படிச் சொல்வதாகக் கொள்வோம்: சரிவான நிலத்தில் வேகமாக ஓடும் மழைநீர் வளமான மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. சரிவுக்குக் குறுக்கே உழுவதும் நிலத்தைப் படிப்படியாகச் சமன்செய்வதும் அந்த வேகத்தைத் தணிக்கின்றன. இங்கே கதாபாத்திரம் இல்லை, தீர்வுகள் இரண்டு, அவை சிக்கலை முற்றிலும் ஒழிக்காமல் குறைக்க மட்டுமே செய்கின்றன. எனவே ‘தீர்ந்ததா?’ என்பதற்குப் பதிலாக ‘எதைக் குறைக்கிறது?’ என்று கேட்பதே பொருத்தம்.

சில பத்திகள் சிக்கலோடு நின்றுவிடும். அப்போது குழந்தை ஒரு தீர்வைக் கற்பனை செய்து எழுதினால், அதைத் தனியாகக் கேட்டு மகிழுங்கள். விடைத்தாளில் மட்டும் ‘தீர்வு பத்தியில் சொல்லப்படவில்லை’ என்றே எழுதப் பழக்குங்கள்.