கப்பர்நகூமுக்குக் குழு அழைத்துப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்ரேலில் கலிலேயா ஏரிக்கரையில் இருக்கும், இயேசு குடிவந்து போதித்த கப்பர்நகூமில் புதிய வழிகாட்டிகள் பேசுவது காதில் விழும்போதெல்லாம், ஆரம்பத்தில் நான் சொன்னதையே இவர்களும் சொல்கிறார்களே என்று மனசு பதறும். தொப்பி, தண்ணீர், உடை பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது விளக்கத்தில் வரும் தவறுகளை.

யூத ஜெப ஆலயத்தின் வெள்ளைத் தூண்களுக்கு நடுவே நின்று "இயேசு இதே தரையில் போதித்தார்" என்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இதுதான். ஒருமுறை ஒரு வழிகாட்டி இப்படிச் சொன்னதும் குழுவினர் தூணில் நெற்றி பதித்து அழுதார்கள். ஒரு கல்லூரிப் பெண் மட்டும், "ஊர் முழுக்கக் கறுப்புக் கல்லாக இருக்கிறதே, இது மட்டும் ஏன் வெள்ளை?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. அவர் ஏதோ சொல்லி நகர்ந்துவிட்டார். இருந்த நேரமெல்லாம் அங்கேயே கரைந்தது. அப்புறம் பேருந்து காத்திருக்கிறது என்று, இயேசுவின் சீடர் பேதுருவின் வீட்டை எட்டிப் பார்த்ததோடு சரி.

அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதில் இது. அந்தச் சுண்ணாம்புக்கல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. தரைக்கு அடியில் கிடைத்த காசுகளை வைத்து, கட்டிடம் 4, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதாவது இயேசுவுக்கு முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு. அதன் அடியில் கறுப்பு எரிமலைப்பாறைச் சுவர்கள் இருக்கின்றன. 1968 முதல் இங்கே அகழ்ந்த பிரான்சிஸ்கன் துறவிகள் கோர்போவும் லொஃப்ரெதாவும், அவை நூற்றுக்கு அதிபதி (நூறு வீரர்களின் தலைவர்) கட்டிக்கொடுத்ததாக லூக்கா சுவிசேஷம் சொல்லும் முதல் நூற்றாண்டு ஜெப ஆலயத்தின் மிச்சம் என்றார்கள். ஏற்காதவர்களும் உண்டு. இரண்டையும் சொல்லுங்கள். வெள்ளைச் சுவரின் அடியில் எட்டிப் பார்க்கும் அந்தக் கறுப்புக் கல்லைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தத் தவறுக்கு நாம் கொடுக்கும் விலை, தெற்கே சுமார் முப்பது மீட்டர் தள்ளியிருக்கும், பேதுருவுடையது என்று போற்றப்படும் வீடு. சாந்து பூசாத கறுப்புக் கல் சுவர்கள், பொதுவான முற்றம், தரையில் கிடைத்த தூண்டில் முட்கள் என்று அது அசல் மீனவர் குடியிருப்பு. ஆனால் அதில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் சுவரிலும் தரையிலும் திரும்பத் திரும்பச் சாந்து பூசியிருக்கிறார்கள். சமையல் பாத்திரங்கள் அங்கே மறைகின்றன, விளக்குகள் தென்படுகின்றன. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்த மாற்றம் தொடங்கிவிட்டது என்பது அகழ்ந்தவர்களின் முடிவு. வந்தவர்கள் பின்னாளில் கிரேக்க மொழியிலும் சிரியாக் மொழியிலும் சாந்தில் எழுத்துகளைக் கீறிவைத்தார்கள். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த எகேரியா என்ற பெண், அப்போஸ்தலர் தலைவரின், அதாவது பேதுருவின், வீடு ஆலயமாகியிருப்பதாகவும் பழைய சுவர்கள் அப்படியே நிற்பதாகவும் எழுதினார். 5ஆம் நூற்றாண்டில் அதே அறைக்கு மேல் எண்கோண ஆலயம் எழுந்தது.

முதல் கிறிஸ்தவர்கள் வீடுகளில்தான் கூடினார்கள். ஒரு மீன்பிடிக்காரரின் அறை தொழுகை இடமாக மாறியதை இப்படி அடுக்கடுக்காகப் பார்க்கக் கிடைக்கும் இடம் மிக அபூர்வம். மேலே 1990இல் கட்டிய நினைவாலயத்தின் கண்ணாடித் தரை வழியாக அது கீழே தெரியும். உங்கள் நேரத்தில் பாதியை அங்கே கொடுங்கள்.

"பேதுருவின் வீடு என்று நிரூபித்துவிட்டார்கள்"

இல்லை. மிகப் பழங்காலம் முதல் அப்படி நம்பிப் போற்றினார்கள். அதைச் சொன்னால் போதும்.

1986இல் ஏரியில் கிடைத்த பழைய படகை "பேதுருவின் படகு" என்பது

அந்தக் காலத்துப் படகு. சொந்தக்காரர் யாரென்று யாருக்கும் தெரியாது.

"ஒன்றுமில்லாத ஏழை மீனவர்கள்"

சீடர்கள் யாக்கோபு, யோவானின் தந்தை செபெதேயுவின் படகில் கூலியாட்கள் இருந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். சீடர் மத்தேயு உட்கார்ந்திருந்த ஆயத்துறை, அதாவது வரி வசூலிக்கும் இடம், இந்த ஊரில்தான். எல்லையை ஒட்டிய ஊர். பெரும்பாதை ஒன்றும் பக்கத்தில் ஓடியது. ரோமப் பேரரசர் அட்ரியன் பெயர் பொறித்த மைல்கல் இங்கே கிடைத்திருக்கிறது. நாசரேத்தைவிட்டு இயேசு ஏன் இங்கே குடிவந்தார் என்று யாராவது கேட்டால், இதிலிருந்து தொடங்கலாம்.

"இயேசு சபித்தார், ஊர் உடனே அழிந்தது"

சுவிசேஷத்தில் கப்பர்நகூமுக்குக் கடுமையான எச்சரிக்கை இருப்பது உண்மை. ஆனால் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே மக்கள் வாழ்ந்தார்கள். அந்த ஜெப ஆலயமும் எண்கோண ஆலயமும் சுமார் முப்பது மீட்டர் இடைவெளியில், ஒரே காலத்தில் புழக்கத்தில் இருந்தன. குழுவை நடுவே நிறுத்தி, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.