பச்சைக் குறியை நம்பாதீர்கள்

மன்னார்குடி அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன்; ஐந்து கணினிகளும் என் பொறுப்பு. காலையில் காப்புநகல் (backup) மென்பொருளைத் திறந்ததும், எல்லாம் சரி என்று காட்டும் பச்சைக் குறியை விட்டுவிட்டு, கடைசியாக நகல் முடிந்த தேதியைப் பாருங்கள். எடைமேடைக் கணினியை இரவில் அணைத்துவிட்டுப் போனதால் பதினொரு நாள் நகலே எடுபடவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. இப்போது பகல் ஒரு மணிக்கு, சாப்பாட்டு வேளையில், ஓடவிடுகிறேன்.

வட்டு நிரம்பினால் பழைய நகல்களை மென்பொருள் வழியாகவே நீக்குங்கள். கோப்புறைக்குள் புகுந்து கையால் அழித்தால் வினைதான்: முதல் முழு நகலை நம்பியே, மாறியதை மட்டும் சேமிக்கும் பிந்தைய சிறு நகல்கள் நிற்கின்றன.

மாதம் ஒருமுறை நெல் கொள்முதல் பேரேட்டை நகலிலிருந்து வேறிடத்தில் மீட்டுத் திறந்து பாருங்கள். 2018 கஜா புயலுக்குப் பிறகு, ஒரு நகல் வட்டு தஞ்சாவூரில் அக்கா வீட்டு அலமாரியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.