இருபது படத்துக்கும் ஒரே நேரமா? ஃபைல் நேரத்தின் துல்லியத்தைக் கூட்டும் வழி

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு அசைவதைத் தொடர் ஷாட்டில் எடுத்தால் நொடிக்கு 10 படம் விழும். வீட்டுக்குத் திரும்பி மூன்று கேமராவின் கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, மாற்றிய நேரத்தை வைத்து அடுக்கிப் பாருங்கள். இருபது படத்துக்கு 14ஆவது நொடி, அடுத்த இருபதுக்கு 16. பதினைந்தைக் காணோம். ஒற்றைப்படை நொடியே தென்படாவிட்டால் காரணம் ஃபேட்32, அதாவது கார்டில் ஃபைலைப் பதிந்துவைக்கும் பழைய முறை.

நேரம் பதிய அது தருவது மொத்தம் 16 பிட்: மணிக்கு 5, நிமிடத்துக்கு 6, நொடிக்கு மிச்சமுள்ள 5. ஐந்து பிட்டில் 32 எண்தான் அடங்கும், அறுபது அடங்காது. அதனால் நொடியைப் பாதியாக்கிப் பதிகிறது. ஃபைல் உருவான நேரத்துக்கு மட்டும் 10 மில்லிநொடி வரை இடம் உண்டு. கடைசியாகத் திறந்ததற்கு நாள் மட்டுமே.

முதலில் கார்டை மாற்றுங்கள். 32 ஜிபி வரை கேமரா ஃபேட்32 ஆகத்தான் ஃபார்மட் செய்யும். 64 ஜிபி கார்டு போட்டு கேமராவிலேயே ஃபார்மட் செய்தால் அதற்கு அடுத்த முறையான எக்ஸ்ஃபேட் வரும். அதில் மாற்றிய நேரம் 10 மில்லிநொடிக் கணக்கில் பதியலாம். ஆனால் அந்த இடத்தைக் கேமரா நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் இதுவும் 2 நொடிதான். கார்டைக் கழற்றிச் செருகி, லினக்ஸில் ‘ஸ்டாட்’ (stat) என்ற கட்டளையை அடித்து ஃபைல் பெயரைக் கொடுங்கள். புள்ளிக்குப் பின் ஒன்பது இலக்கம் வரும். எல்லா ஃபைலுக்கும் ஒன்பதும் பூஜ்யமென்றால் எங்கோ வெட்டு விழுந்திருக்கிறது.

அடுத்து டிஸ்க். விண்டோஸ் டிஸ்க்கின் முறையான என்டிஎஃப்எஸ் 100 நானோநொடி வரை வைத்துக்கொள்ளும், அங்கே வேலையில்லை. லினக்ஸ் டிஸ்க்கின் முறையான இஎக்ஸ்டி4-இல் ஐநோட் (ஃபைலின் நேரம் போன்ற விவரம் பதியும் குறிப்பு) அளவைப் பார்க்க வேண்டும்; ‘டியூன்2எஃப்எஸ் -எல்’ (tune2fs -l) காட்டிவிடும். 256 பைட் என்றால் நானோநொடி. 128 என்றால் 1 நொடி, 2038-க்குப் பிந்தைய தேதியைப் பதிய முடியாத சிக்கலும் கூடவே வரும். நொடிக்குக் கீழுள்ள இலக்கங்கள் உட்காரும் இடமே 128-ஐத் தாண்டித்தான் இருக்கிறது. பழைய இஎக்ஸ்டி3-இலிருந்து மாற்றிய டிஸ்க்கிலும், பழைய கருவியால் ஃபார்மட் செய்த சிறிய பார்ட்டிஷனிலும் இந்த 128 கிடக்கும்.

இதை 256 ஆக்க, பேக்கப் எடுத்து, அன்மவுண்ட் செய்து (டிஸ்க்கைப் பயன்பாட்டிலிருந்து விடுவித்து), டிஸ்க்கைச் சோதிக்கும் ‘இ2எஃப்எஸ்சிகே -எஃப்’ (e2fsck -f) ஓட்டி, பிறகு ‘டியூன்2எஃப்எஸ்’-ஐப் பெரிய எழுத்து ஐ-யும் 256-ம் சேர்த்து (tune2fs -I 256) ஓட்டுங்கள். ஃப்ளெக்ஸ்பிஜி (flex_bg) என்ற இஎக்ஸ்டி4 வசதி உள்ள டிஸ்க்கில் அது மறுத்துவிடும். மல்லுக்கட்ட வேண்டாம், புதிதாக ஃபார்மட் செய்து பேக்கப்பைத் திருப்பிப் போடுவதே மேல். போன இலக்கம் எப்படியும் திரும்பாது. இனி எழுதுவதற்குத்தான் பலன்.

அதிகம் கெடுவது காப்பி செய்யும்போது. லினக்ஸின் காப்பி கட்டளையான ‘சிபி’ (cp) வெறுமனே ஓடினால் காப்பி அடித்த நேரத்தையே போடும், ‘-பி’ (-p) சேருங்கள். ஃபைல்களை ஒரே கட்டாக்கும் ‘டார்’ (tar) என்றால் போசிக்ஸ் (posix) வடிவம் கேளுங்கள். ஜிப்பில் போட்டால் மறுபடி 2 நொடிக்கோ 1 நொடிக்கோ இறங்கிவிடும். பேக்கப் பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால், மாறிய ஃபைலை மட்டும் அனுப்ப வேண்டிய ஆர்சிங்க் (rsync) ஒவ்வொரு முறையும் மாறாத ஃபைலையும் மறுபடி அனுப்பும். நேர வித்தியாசத்தை எவ்வளவு பொறுப்பது என்று சொல்லும் ‘மாடிஃபை-விண்டோ’ 1 வைத்தால் நிற்கும். இரு பக்கமும் இஎக்ஸ்டி4 ஆனபின் -1 வைத்தால் நானோநொடி வரை ஒப்பிடும், ஆர்சிங்க் 3.1.3 முதல்.

ஒன்பது இலக்கம் தெரிகிறதே என்று மயங்கவும் வேண்டாம். லினக்ஸின் மையமான கெர்னல் ஃபைல் நேரத்தை டிக் (தன் உள்கடிகாரத் துடிப்பு) கணக்கில் எடுக்கிறது. நொடிக்கு 250 டிக் என்றால் 4 மில்லிநொடிக்குள் எழுதிய இரண்டு ஃபைலுக்கும் ஒரே நேரம்தான். 6.13 கெர்னலில் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற டிஸ்க் முறைகளுக்கு இது தளர்ந்தது: ஒருவர் நேரத்தைக் கேட்டுப் பார்த்தபின் வரும் மாற்றத்துக்கு நுண்ணிய நேரம் விழும்.

கேமராக்களின் கடிகாரமே முன்னே பின்னே ஓடினால் இத்தனையும் வீண். வடம் பிடிக்குமுன் நொடி ஓடும் ஒரே செல்போன் திரையை மூன்றிலும் ஒரு படம் எடுத்துவையுங்கள், வித்தியாசத்தைப் பிறகு கழித்துக்கொள்ளலாம். கேமரா படத்துக்குள்ளேயே எழுதும் விவரமான எக்ஸிஃபில் நொடிக்குக் கீழான இலக்கம் இருந்தால் ஃபைல் நேரத்தை விட்டுவிட்டு அதை வைத்தே அடுக்குங்கள். காப்பி செய்வதால் அது மாறாது.