மெட்டு வந்துவிட்டது, ஸ்ட்ரிங்ஸ் எழுதுவது எப்படி?

இசையமைப்பாளர் மெட்டைச் சொற்கள் இல்லாமல் தத்தகாரத்தில் பாடிப் பதிந்து அனுப்பியிருப்பார். கூடவே, "முன்னாடி கொஞ்சம், நடுவுல ரெண்டு பிஜிஎம், ஸ்ட்ரிங்ஸ் நல்லா வரணும்" என்று ஒரு வரி. பிஜிஎம் என்றால் பாட்டில் குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் வரும் இடம்; ஸ்ட்ரிங்ஸ் என்றால் வயலின், வயோலா, செல்லோ போன்ற வில் போட்டு வாசிக்கும் கம்பி வாத்தியங்கள். அந்த ஒரு வரிக்கும், ஸ்டூடியோவில் பதினெட்டுப் பேர் முன்னால் விரித்து வைக்கும் தாள்களுக்கும் நடுவில் இருப்பதுதான் அரேஞ்சரின், அதாவது யார் என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதித் தருபவரின், வேலை. நான் கோடம்பாக்கத்தில் இரண்டாவது வயலின் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து வாசித்தேன். அப்புறம் நோட்ஸ் காப்பி எடுத்தேன். எழுத வந்தது அதற்கும் பிறகுதான். அந்த வரிசையில் வந்ததால் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெரியவர்களும் வாத்தியக்காரர்கள் நடுவில் இருந்து வந்தவர்கள்தான். இசையமைப்பாளர் டி.கே.ராமமூர்த்தி வயலின் கலைஞர். இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமாவதற்கு முன் இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். ஏ.ஆர்.ரகுமானின் தந்தை ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தார். மற்றவர்கள் படங்களுக்கு அரேஞ்சராகவும் உழைத்தார். ஆகவே முதல் யோசனை: எழுதுவதற்கு முன் ஏதாவது ஒரு கம்பி வாத்தியத்தைக் கையில் எடுங்கள். நன்றாக வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. வில் எங்கே தீர்ந்துபோகிறது என்று கைக்குத் தெரிந்தால் போதும்.

சரி, வேலைக்கு வருவோம். பேனாவைத் தொடும் முன் பாடப்போகிறவரின் சுருதியைக் கேட்டுவிடுங்கள். ஒரு பாட்டை இரண்டு கட்டையில், அதாவது டி-யில், எழுதி முடித்திருந்தேன். ரெக்கார்டிங் அன்று காலையில்தான் அரைக்கட்டை இறக்க வேண்டும் என்று தெரிந்தது. கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் இறக்கிவிடலாம். ஆனால் வயலினின் கடைசிக் கம்பி ஜி. அதற்குக் கீழே சுரமே கிடையாது. இரண்டாவது வயலினுக்கு அந்த ஜி-யை ஆறு இடத்தில் எழுதியிருந்தேன். இறக்கியதும் அது எஃப் ஷார்ப் ஆகிவிட்டது, வாசிக்கவே முடியாது. எல்லோரும் காத்திருக்க, ஆறு இடத்தையும் இன்னும் கீழே போகும் வயோலாவுக்கு மாற்றி எழுதினேன். இன்னொரு நஷ்டமும் இருந்தது. டி மேஜரில் வயலினின் நான்கு திறந்த கம்பிகளும் (விரல் வைக்காமல் ஒலிப்பவை) அந்த ஸ்கேலின் சுரங்களுக்குள்ளேயே இருக்கும், அதனால் முழு வாத்தியமும் சேர்ந்து அதிரும். அரைக்கட்டை இறக்கினால் நான்கில் ஒன்றுகூட ஸ்கேலில் இல்லை. அன்றைக்கு அந்தப் பிரகாசம் வரவேயில்லை.

அடுத்தது ராகம். மெட்டு எந்த ராகத்தில் இருக்கிறதோ அதன் சுரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, அவற்றுக்குள்ளேயே என்னென்ன கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரக் கூட்டு, கிடைக்கிறது என்று பாருங்கள். சி-யை ஷட்ஜமாக வைத்து ஹம்சத்வனியை எடுத்தால் சி, டி, இ, ஜி, பி. இதில் சி மேஜர், இ மைனர், ஜி மேஜர் மூன்றும் முழுசாகக் கிடைக்கின்றன. தாராளமாக எழுதலாம். மோகனத்தில் சி, டி, இ, ஜி, ஏ. இங்கே சி மேஜர், ஏ மைனர் இரண்டுதான். பழக்கதோஷத்தில் ஜி மேஜர் போட்டால் நிஷாதம் உள்ளே வந்துவிடும், எஃப் போட்டால் மத்யமம் வந்துவிடும். தெரிந்தே செய்தால் அது அழகுதான், நம் படப்பாடல்களில் அப்படி எத்தனையோ இருக்கின்றன. தெரியாமல் செய்தால் மெட்டின் முகமே மாறிப்போகும். கார்டு போதவில்லை என்று தோன்றினால் செல்லோவுக்குத் தனியாக ஒரு ஓடும் வரி எழுதிப் பாருங்கள். மோகனத்தில் எனக்குக் கார்டைவிட அதுதான் எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

கமகத்தில்தான், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதில்தான், புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பன்னிரண்டு வயலினுக்கும் கமகம் எழுதாதீர்கள். அசைவு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் சீக்கிரம் அசைப்பார், இன்னொருவர் மெதுவாக. சேர்ந்து கேட்டால் சுருதி விலகிய மாதிரி இருக்கும். கமகம் வேண்டிய வரியைக் கர்நாடக சங்கீதம் தெரிந்த ஒருவருக்கு சோலோவாகக் கொடுங்கள். அவருக்கு ஸ்டாஃப் நோட்டேஷனுக்கு (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்தியக் குறிப்புக்கு) மேலே ஸ-ரி-க-வும் எழுதி ராகத்தின் பெயரையும் போட்டுவிடுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் கீழே நேர் சுரத்தில் நிற்கட்டும். எல்லோரும் சேர்ந்தே வளைய வேண்டும் என்றால் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு, எத்தனை மாத்திரையில் என்று ஒவ்வொன்றையும் விரித்து எழுத வேண்டும்.

பிஜிஎம்முக்குக் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 96 பீட், நான்கு பீட் ஒரு பார் என்றால் ஒரு பார் 2.5 விநாடி. இருபது விநாடி இடம் கொடுத்தால் எட்டு பார். கடைசி பாரைப் பாடகருக்கு விட்டுவிடுங்கள். அவர் மூச்செடுத்து எடுப்பைப் பிடிக்கும் இடம் அது.

குரல் வந்த பிறகும் இதே எண்ணம்தான் வேண்டும். வரிகள் ஓடும்போது ஸ்ட்ரிங்ஸ் நிற்கட்டும், அவர் நிற்கும்போது ஸ்ட்ரிங்ஸ் ஓடட்டும். குரலின் உயரத்திலேயே முதல் வயலினை வைத்தால் சொற்கள் கேட்காது. எழுதியதை விடிய விடியக் கேட்டு, பல்லவியின் கீழே இருப்பதில் பாதியை அழிப்பேன். அழித்ததற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

கடைசியாக, காப்பி, அதாவது ஒவ்வொருவருக்கும் அவரவர் வாசிக்க வேண்டியதைத் தாளில் பிரதி எடுப்பது. பலர் இதை அலட்சியமாக விடுவார்கள், எனக்கு அது தாங்காது. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். பக்கம் திருப்ப ஒருவர் கையை எடுத்தால் பாதிச் சத்தம் போய்விடும். ஆகவே ஓய்வு இருக்கும் இடத்தில் பக்கத்தை முடியுங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார் எண் போடுங்கள். "நாற்பத்தொன்றிலிருந்து" என்றால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். வில் மேலேயா கீழேயா என்பதை நீங்களே குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால் முதல் ஐந்து நிமிடம் அந்தப் பேச்சிலேயே போகும். கிளாரினெட் சேர்த்திருந்தால் அதன் தாளை மட்டும் மறுபடி பாருங்கள். பி ஃப்ளாட் வாத்தியம், எழுதியதற்கு ஒரு முழு சுரம் கீழே ஒலிக்கும். ஏற்றி எழுதியிருக்க வேண்டும்.

கிளம்பும்போது பையில் நான்கைந்து பென்சில், ரப்பர், ஒட்டும் டேப், ஒவ்வொரு பார்ட்டிலும் ஒரு பிரதி அதிகமாக, வெறும் ஸ்டாஃப் தாள் பத்து. கால்ஷீட்டுக்கு அரை மணி முன்னால் போய் ஸ்டாண்டுகளில் தாள்களை நீங்களே வையுங்கள். முதல் வயலின்காரர் வந்ததும் உட்காரவிட்டு, "சார், பதினேழாவது பார் கைக்கு வசதியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்று கேளுங்கள். அவர் மாற்றச் சொன்னால், மற்றவர்கள் வருவதற்குள் மாற்றிவிடலாம்.