தர்மபுரி, கிருஷ்ணகிரியில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

நம்ம பக்கம் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எந்த முள், எந்த இரை என்றுதான். அதற்கு முன்னால் இந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இரண்டு மாவட்டத்திலும் சும்மா கிடக்கிற ஏரி என்று அநேகமாக எதுவும் கிடையாது. ஊராட்சி ஏரியோ நீர்வளத்துறை ஏரியோ, தண்ணீர் நின்றாலே மீன் பாசி, அதாவது மீன் பிடிக்கும் குத்தகை, ஏலத்துக்குப் போய்விடும். எடுத்தவர் கைக்காசு போட்டுக் குஞ்சு விட்டு வளர்த்துக்கொண்டிருப்பார். கரையில் பலகை இருக்காது, வேலியும் இருக்காது, அதனால் பொதுச் சொத்து என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கத்து டீக்கடையில் "ஏரியை யாருண்ணா எடுத்திருக்காங்க" என்று கேட்டால் பெயரும் போன் நம்பரும் வந்துவிடும். பேசிப் பாருங்கள். ஒற்றைத் தூண்டில்தானே என்று சிலர் விட்டுவிடுவார்கள், சிலர் பிடித்த மீனுக்கு எடை போட்டுக் காசு கேட்பார்கள், வேண்டாம் என்றால் கிளம்பிவிட வேண்டியதுதான்.

அணைகளிலும் இதே கதைதான். தென்பெண்ணையின் குறுக்கே 1957இல் திறந்த கே.ஆர்.பி. அணையில் (கிருஷ்ணகிரி அணை) குஞ்சு விட்டு, உரிமம் உள்ள மீனவர்களை வைத்துப் பிடிக்கிறார்கள். அணையை ஒட்டியே மீன்வளத்துறையின் மீன் பண்ணை இருக்கிறது, அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அப்புறம் உட்காருங்கள். மதகுப் பக்கம் மட்டும் யார் அனுமதி கொடுத்தாலும் போகாதீர்கள்.

காவிரிதான் பலரும் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம். அஞ்செட்டி தாண்டி ராசிமணல், பிலிகுண்டுலு வரை ஆறு ஓடுவது காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டி. 2014இல் அறிவித்தார்கள். சரணாலயத்துக்குள் மீனும் வனவிலங்குதான், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வேட்டைதான், பிடித்துவிட்டு உடனே திருப்பி விட்டேன் என்கிற சமாதானம் எடுபடாது. எதிர்க்கரையில் பீமேஸ்வரி பக்கம் ஒரு காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கித் தூண்டில் போட்ட முகாம்களிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். யானையும் முதலையும் இருக்கிற ஆறு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் போகிறவர்கள் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்று காலைப் பேப்பரில் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். தண்ணீர் ஏறினால் பரிசலையும் குளிப்பதையும் நிறுத்திவிடுவார்கள், பாறையில் உட்கார்ந்து தூண்டில் பிடிக்கவும் விடமாட்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்று செய்தியில் வருமே, அது கிழக்குக் கடலோரத்து விசைப்படகுகளுக்கு. நம்ம ஏரிக்கு அது இல்லை. ஆனால் வெடி போடுவதும் விஷம் கலப்பதும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம்தான். கரண்ட் வைத்துப் பிடிக்கிற கூட்டத்தைப் பார்த்தால் தண்ணீரில் காலை வைக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஜிலேபி மீனை விட்டால் நல்ல வாத்தியார் கிடையாது. சின்ன முள், மண்புழுவில் ஒரு துண்டு, கரையோரம் இடுப்பளவு ஆழம், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து 1952இல் கொண்டுவந்த மீன், இன்றைக்கு நம்ம ஊர் மீனையெல்லாம் ஓரம் கட்டிவிட்டது, அதனால் எவ்வளவு பிடித்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. சில சமயம் முள்ளைக் கழற்றும்போது அதன் வாயிலிருந்து கடுகளவு குஞ்சுகள் கொட்டும், தாய் மீன் குஞ்சுகளை வாயில் வைத்துத்தான் காக்கும்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் விட்டு வளர்ப்பவை. ஓடுகிற வெள்ளம் இல்லாமல் இவை ஏரியில் முட்டையிட்டுப் பெருகாது, அதனால்தான் கேட்காமல் பிடித்தால் காசு போட்டுக் குஞ்சு விட்ட மீன் பாசிக்காரருக்குக் கோபம் வருகிறது. கட்லா மேல்மட்டம், ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம் என்பதால் தக்கையை அதற்குத் தக்கபடி ஏற்றி இறக்க வேண்டும். இரைக்கு மைதாவை விட நம்ம ராகிக் களி மேல். கையில் ஒட்டாத பதத்துக்கு இறுகக் கிண்டி, ஆறியதும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்குத் தூளைச் சேர்த்துப் பிசைந்து, முள்ளின் முனை மட்டும் லேசாகத் தெரிகிற மாதிரி உருட்டிப் பிடித்தால் வீசும்போது கழன்று போகாது. தக்கை சட்டென்று முங்கினால் அநேகமாகப் பொடி மீன்தான். பெரிய கெண்டை முதலில் இரையை மோந்து பார்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நிதானமாக இழுக்கும், அந்தத் தட்டுக்கே அவசரப்பட்டுச் சுண்டினால் களிதான் மிச்சம்.

விராலுக்கு ரப்பர் தவளையை அல்லி இலை மேல் தத்த விட்டால் போதும், அடிக்கிற சத்தம் எதிர்க்கரை வரை கேட்கும். ஆனால் தண்ணீர் மேல் செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்தால் அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கின்றன என்று அர்த்தம், அங்கே தவளையை வீசவே வேண்டாம். சட்டம் தடுக்கிறதோ இல்லையோ, பெரிசு போனால் குஞ்சு அத்தனையும் மற்ற மீன் வாய்க்குப் போய்விடும்.

பென்னாகரம் பக்கம் நாகமரை, ஒட்டனூர் கரையில் மேட்டூர் நீர்தேக்கத்தின் தண்ணீர் நிற்கும்போது வாளையும் கெளுத்தியும் உண்டு, அங்கேயும் உரிமம் எடுத்த மீனவர்கள்தான் தொழில் செய்கிறார்கள், அவர்கள் வலை பக்கம் போகாதீர்கள். எங்கேயாவது தப்பித் தவறி மஹசீர் என்கிற பெரிய ஆற்றுக் கெண்டை மாட்டினால் தண்ணீரை விட்டு மேலே எடுக்காமல் தூண்டில் நரம்பை வெட்டி அனுப்பிவிடுங்கள். காவிரிப் படுகையில் மட்டுமே இருக்கும் முதுகு புடைத்த மஹசீர், அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் ஏறிய மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தி இதற்கு நேர்மாறு. அதை வளர்க்கவே தடை, மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிக்கொண்டு இருக்கும்போது பிடிப்பதைச் சமைக்காதீர்கள், பெங்களூர்க் கழிவு அப்படியே அதில்தான் இறங்குகிறது. அப்புறம், கெளுத்தி எதுவானாலும் கையால் அள்ளிப் பிடிக்க வேண்டாம். அநேகக் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என்று ரம்பப் பல் வைத்த மூன்று முள் இருக்கிறது, ஈரத்துணியைப் போட்டு அமுக்கிக் குறடால் அந்த மூன்றையும் ஒடித்த பிறகு தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். தேளி என்கிற கெளுத்தி வகை குத்தினால் கடுப்பு தாங்காது, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் குறையும், வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.