புற்றுநோய் மரபணுவை வைத்து பிளேட்லெட் வளர்ப்பதை ஒரே தாளில் வரைந்து புரிந்துகொள்வது எப்படி

மழைக்காலம் வந்தால் எங்கள் ரத்த வங்கியில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: பிளேட்லெட். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு என்று பல இடங்களிலிருந்தும் டெங்கு நோயாளிகளின் வீட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். அவர்களில் யாராவது போனை நீட்டி, "அக்கா, ஜப்பான்ல கேன்சர் ஜீனை வெச்சு பிளேட்லெட் செய்றாங்களாமே, அதை ஏத்துனா நமக்கும் கேன்சர் வந்துடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாயால் மட்டும் பதில் சொன்னால் பாதியில் குழம்பிவிடும். அதனால் நான் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டுவேன். ரத்ததான முகாமுக்கு உதவ வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறேன். நீங்களும் ஒரு தாள், ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளின் மேலே ஒரு வட்டம் போட்டு 'மூலச்செல்' என்று எழுதுங்கள். எலும்பு மஜ்ஜையில் இருப்பது இது. அதிலிருந்து கீழே கோடுகள் இழுத்து 'முன்னோடிச் செல்' என்று சில வட்டங்கள் போடுங்கள். ஒன்றிலிருந்து சிவப்பணு, இன்னொன்றிலிருந்து வெள்ளையணு, மூன்றாவதிலிருந்து மெகாகேரியோசைட் என்ற பெரிய செல். அந்தப் பெரிய செல் தன் உடம்பை நீட்டி, துண்டு துண்டாக உதிர்ப்பதுதான் பிளேட்லெட். ஒரே செல்லிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் உதிரும். ஆரோக்கியமான பெரியவர் உடம்பில் ஒரு நாளில் சுமார் 10,000 கோடி பிளேட்லெட் உருவாகிறது. இந்த எண்ணைத் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது மெகாகேரியோசைட்டுக்கு மேலே உள்ள முன்னோடிச் செல்லைச் சிவப்பில் வட்டமிடுங்கள். விஷயம் முழுக்க அங்கேதான் நடக்கிறது. மூலச்செல் தன்னையே புதுப்பித்துக்கொண்டு நம் ஆயுள் முழுக்க இருக்கும். முன்னோடிச் செல்லுக்கு அந்த வரம் கிடையாது. சில தடவை பிரிந்து பெருகும், அப்புறம் முதிர்ந்துவிடும். ஆய்வகத்தில் சத்து ஊற்றி வளர்த்தாலும் கொஞ்ச காலத்தில் நின்றுபோகும். அதை நிற்காமல் பெருக வைக்க முடியுமா என்பதுதான் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் கோஜி எட்டோவின் குழு எடுத்துக்கொண்ட கேள்வி. 2014-ல் அவர்கள் வெளியிட்ட விடையில் மூன்று மரபணுக்கள் இருக்கின்றன. மூன்றையும் அந்தச் சிவப்பு வட்டத்தின் பக்கத்தில், கீழே சொல்லும் வரிசையிலேயே எழுதுங்கள். வரிசை முக்கியம்.

முதலில் சி-மிக். செல்லுக்கு 'பெருகு' என்று உத்தரவு கொடுப்பது இது. பர்க்கிட் லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோயில், 8-ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டிய இந்த மரபணு பெரும்பாலும் 14-ஆம் குரோமோசோமுக்கு இடம் மாறி, எந்நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும். கெட்ட பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் சி-மிக் மட்டும் அளவுக்கு மீறி ஓடினால் செல் சும்மா விடாது. ஏதோ தப்பு நடக்கிறது என்று உணர்ந்து, ஏஆர்எஃப் என்ற புரதம் வழியாக பி53 என்ற காவல் புரதத்தை எழுப்பிவிடும். பி53 வந்தால் செல் பிரிவதை நிறுத்தும், இல்லையென்றால் தன்னையே அழித்துக்கொள்ளும். சி-மிக்கிலிருந்து பி53-க்கு ஓர் அம்புக்குறி போட்டு, அதன் நுனியில் பெருக்கல் குறி போடுங்கள். ஒரே ஒரு மரபணு கெட்டால் உடனே புற்றுநோய் வந்துவிடும் என்று நினைப்பவர்களிடம் நான் விரல் வைத்துக் காட்டுவது இந்தப் பெருக்கல் குறியைத்தான்.

இரண்டாவது பிஎம்ஐ-1. 1991-ல் எலிகளின் லிம்போமாவில் சி-மிக்கோடு சேர்ந்து வேலை செய்யும் கூட்டாளியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஏஆர்எஃப், செல் பிரிவதைத் தடுக்கும் பி16 என்ற புரதம், இரண்டையும் தரும் மரபணு இடத்தையே இது மூடி வைத்துவிடும். அதனால் சி-மிக் ஓடினாலும் பி53-க்குச் செய்தி போவதில்லை. படத்தில் அந்த அம்புக்குறியின் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுங்கள், அதுதான் பிஎம்ஐ-1. இன்னொன்றையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நம் மஜ்ஜையில் இருக்கும் நல்ல மூலச்செல்லும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இதே பிஎம்ஐ-1-ஐத்தான் நம்பியிருக்கிறது. 'புற்றுநோய் மரபணு' என்று தனியாக ஒரு வில்லன் வெளியிலிருந்து வருவதில்லை. உங்களிடமும் என்னிடமும் பிறந்ததிலிருந்து இருப்பவைதான் இவை. அளவும் நேரமும் தவறும்போது நோயாகிறது.

மூன்றாவது பிசிஎல்-எக்ஸ்எல். முதல் இரண்டை வைத்து செல்கள் பெருகின. ஆனாலும் நாள் போகப் போகச் செத்து விழுந்தன. செல் தன்னை அழித்துக்கொள்ளும் வழியை அடைக்கும் இந்த மூன்றாவதைச் சில நாள் கழித்துச் சேர்த்த பிறகுதான் அவை நாலைந்து மாதம் தாண்டியும் பெருகிக்கொண்டே இருந்தன. உறைய வைத்து எடுத்தாலும் மறுபடி வளர்ந்தன.

சரி, வளர்ந்துகொண்டே இருக்கும் செல்லால் நோயாளிக்கு என்ன பயன்? ஒன்றுமில்லை. சி-மிக் ஓடும்வரை செல் முதிராது, முதிராத செல் பிளேட்லெட் தராது. அதனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சுவிட்ச் வைத்தார்கள். தாளில் மூன்று பெயர்களையும் சுற்றி ஒரு கட்டம் போட்டு, மேலே 'டாக்சிசைக்ளின்' என்று எழுதுங்கள். எலிக்காய்ச்சலுக்கு நம் ஊரில் கொடுக்கிறார்களே, அதே மருந்து. வளர்ப்புத் திரவத்தில் அது இருந்தால் மூன்று மரபணுக்களும் ஓடும். அதை நீக்கினால் நிற்கும். நின்றதும் செல் முதிர்ந்து மெகாகேரியோசைட்டாகி, பிளேட்லெட்டை உதிர்க்கும். இந்தக் கட்டத்தை வரையாமல் யாருக்கும் விளக்காதீர்கள். ரத்தப் புற்றுநோயில் வெளியிலிருந்து நிறுத்த இப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. கேட்பவருக்குப் பயம் தெளிவது இந்த இடத்தில்தான்.

சிவப்பணுக் கிளையிலும் இதே மாதிரி வேலை நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2017-ல் அறிவித்த, நிற்காமல் பெருகும் செல்வரிசையில் பயன்படுத்தியது, கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள எச்பிவி-16 வைரஸின் இரண்டு மரபணுக்களை.

அடுத்தது, நம்மவர் கேட்ட கேள்விக்கு நேரடி பதில். பிளேட்லெட் வட்டத்துக்குள் நடுவில் புள்ளி வைக்காதீர்கள், காலியாக விடுங்கள். அதற்கு உட்கரு கிடையாது. உட்கரு இல்லாத ஒன்று பிரிந்து பெருக முடியாது. பையில் தப்பித்தவறி உட்கரு உள்ள செல் தங்கியிருந்தால், கதிர்வீச்சு கொடுத்து அதைப் பெருக முடியாமல் செய்துவிடலாம், பிளேட்லெட் தன் வேலையைச் செய்யும். சில நோயாளிகளுக்கான பைகளுக்கு இங்கேயும் 25 கிரே கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம்தான்.

இப்போது ஓரத்தில் எழுதிய எண்ணுக்கு வாருங்கள். 2018-ல் எட்டோ குழு 8 லிட்டர் கலனில் 10,000 கோடி அளவுக்கு பிளேட்லெட் எடுத்தது. எலியின் மஜ்ஜையில் ரத்தம் சுழித்து ஓடும் இடத்தில்தான் பிளேட்லெட் நன்றாக உதிர்கிறது என்று பார்த்து, கலனிலும் அந்தச் சுழிப்பை உண்டாக்கினார்கள். அவ்வளவு பாடுபட்டு வந்தது நம் உடம்பு ஒரு நாளில் செய்யும் அளவு. ஒரே கொடையாளரிடமிருந்து மெஷினில் எடுக்கும் எஸ்டிபி பையில் குறைந்தது 30,000 கோடி இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு.

எண்ணிக்கை மட்டும் போதாது, தரமும் வேண்டும். எங்கள் அஜிடேட்டரில் 20 முதல் 24 டிகிரியில் ஆடிக்கொண்டே இருக்கும் பையை எடுத்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து மெல்ல அசைத்துப் பார்ப்போம். பிளேட்லெட் தட்டையாக, நல்ல நிலையில் இருந்தால் மஞ்சள் திரவத்துக்குள் பட்டுப்புடவையைத் திருப்பும்போது ஓடுகிற மினுமினுப்பு ஓடும். கெட்டுப்போனால் உருண்டுவிடும், மினுமினுப்பு வராது, பை மந்தமாகக் கிடக்கும். எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் 5 நாள்தான் தாங்கும்.

ஜப்பானில் மஜ்ஜை செயலிழந்த ஒரு நோயாளிக்கு, யாருடைய பிளேட்லெட்டும் சேராத நிலையில், அவருடைய செல்லிலிருந்தே வளர்த்ததை 2019-ல் ஏற்றத் தொடங்கினார்கள். மோசமான பக்கவிளைவு எதுவும் வரவில்லை. ஆனால் கவுண்ட்டும் ஏறவில்லை. இதை மறைக்காமல் தாளின் அடியில் எழுதிக் காட்டுங்கள். கேட்பவர் அடுத்து, "அப்போ இப்ப எங்க வீட்டு ஆளுக்கு என்ன பண்றது?" என்பார். தாளைத் திருப்பி, எஸ்டிபி கொடுக்க வருபவருக்கான குறிப்பை எழுதிக் கொடுங்கள்: நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரவும். கடந்த 3 நாளில் ஆஸ்பிரின் போட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடவும்.