லேப்ராஸ்கோபியில் காஸ் ரத்தக்குழாய்க்குள் போனால்: தியேட்டரில் நிற்பவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அனஸ்தீசியாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கும், மெஷின் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். லேப்ராஸ்கோபியில், அதாவது சின்னத் துளை வழியாக ஆபரேஷன் செய்ய வயிற்றை காஸால் ஊதும்போது, அந்த காஸ் ரத்தக்குழாய்க்குள் ஏறி அடைப்பதைத்தான் (காஸ் எம்பாலிசம்) சொல்கிறேன், கல்லீரல் ஆபரேஷனில் அந்த ஆபத்து அதிகம். கல்லீரலில் ஒரு பாகத்தையே வெட்டி எடுக்கிற பெரிய ஆபரேஷனுக்கு நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் சேலம், பெங்களூரு, சென்னை என்றுதானே போகிறார்கள், நமக்கு எதற்கு இது என்று கேட்கலாம். பித்தப்பை ஆபரேஷன் இங்கேயும் நடக்கிறது இல்லையா? பித்தப்பை உட்கார்ந்திருக்கும் கல்லீரல் பள்ளத்தை ஒட்டியே நடு ஹெப்பாட்டிக் வெயினின் (கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) கிளை ஓடுகிற ஆட்கள் உண்டு, அது கிழிந்தால் கதை இதேதான். அதுபோக, காஸ் ஊத முதலில் வயிற்றில் இறக்கும் வெரெஸ் ஊசி நேராக ஒரு ரத்தக்குழாய்க்குள்ளோ கல்லீரலுக்குள்ளோ போய்விட்டால், ஆபரேஷன் ஆரம்பிக்கும் முன்பே காஸ் உள்ளே ஏறிவிடும்.

கல்லீரலில் ஏன் ஆபத்து அதிகம் என்றால், அங்கே நாமே அதற்கு வழி செய்து வைக்கிறோம். வயிற்றை சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வைத்து 12 மி.மீ. பாதரச அழுத்தம் வரை ஊதுகிறார்கள். வெட்டும்போது ரத்தம் குறைவாக வரவேண்டும் என்று நாம் சிவிபியை (இதயத்துக்குத் திரும்பும் பெரிய வெயின்களில் உள்ள ரத்த அழுத்தம்) 5-க்குக் கீழே இறக்கி வைக்கிறோம், சர்ஜன் வசதிக்குத் தலைப்பக்கத்தை வேறு தூக்கிவிடுகிறோம். வெளியே 12, வெயினுக்குள் 4 என்றால் காஸ் எந்தப் பக்கம் போகும்? கல்லீரலுக்குள் ஓடும் வெயின்களைச் சுற்றியிருக்கும் சதை விரித்துப் பிடித்திருப்பதால், ஓட்டை விழுந்தாலும் அவை சுருங்கி மூடிக்கொள்வதில்லை. இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. ஸ்கிரீனில் ஹெப்பாட்டிக் வெயினில் சின்னதாக ஒரு கருப்பு வாய் தெரியும், ஆனால் ரத்தம் கொட்டாது, ஏனென்றால் காஸ் அழுத்தமே அதை உள்ளே தள்ளிப் பிடித்திருக்கிறது. “ஃபீல்டு நல்லா டிரையா இருக்கு” என்று சர்ஜன் சொல்லும் நேரத்தில் நீங்கள் மானிட்டரைப் பாருங்கள்.

பயந்து நடுங்கவும் வேண்டாம். சிஓ2 ரத்தத்தில் சீக்கிரம் கரைந்துவிடும், அதற்காகத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். உணவுக்குழாய் வழியாக எக்கோ வைத்துப் பார்த்தால், கல்லீரல் வெட்டும் பலருக்கு இதயத்துக்குள் குமிழிகள் ஓடுவது தெரியும், பெரும்பாலோருக்கு பிபியில் ஒன்றும் ஆகாது. சாதாரணக் காற்று அப்படி இல்லை, கொஞ்சம் போனாலே ஆளைச் சாய்க்கும். ஆர்கான் காஸும் கரையாது. ரத்தத்தை நிறுத்த ஆர்கான் பீம் வைக்கும்போது அந்த காஸ் வயிற்று அழுத்தத்தையும் சேர்த்து ஏற்றிவிடும், அதனால் முடிந்தவரை அது வேண்டாம் என்பேன். வைத்தே ஆகவேண்டும் என்றால் வயிற்றில் கருவி நுழைக்கும் ஒரு போர்ட்டின் வால்வைத் திறந்து விட்டுவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கத்தி வைக்கும் முன் சர்ஜனோடு பேச வேண்டியதை வெட்கப்படாமல் பேசுங்கள். வயிற்று அழுத்தம் எவ்வளவு, அதைக் குறைத்தும் வேலை பார்க்க முடியுமா, சிவிபியை எவ்வளவு இறக்கணும், ஹெப்பாட்டிக் வெயின் பக்கம் போகும்போது ஒரு குரல் கொடுப்பாரா. சிவிபியை நாம் ஒருபக்கம் இறக்கிக்கொண்டே போக, ரத்தம் வருகிறது என்று அவர் ஒருபக்கம் வயிற்று அழுத்தத்தை 15, 16 என்று ஏற்றிக்கொண்டே போனால் இரண்டு பேரும் சேர்ந்து காஸுக்குக் கதவைத் திறக்கிறோம் என்று அர்த்தம், இதைப் பேசாமல் விடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு காஸ் வேண்டாம், அது குமிழியைப் பெரிதாக்கும். பெரிய ஊசியாக இரண்டு லைன் போட்டுக்கொள்ளுங்கள். எண்ட் டைடல் (மூச்சை விடும்போது கடைசியில் வரும் சிஓ2 அளவு) அலாரத்தின் கீழ் எல்லையைப் பழைய கேஸில் இருந்தபடியே விடாமல், இப்போது இருப்பதற்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து வையுங்கள். ஊத ஆரம்பிக்கும்போது குறைந்த வேகத்தில், நிமிடத்துக்கு 1 லிட்டர் அளவில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அந்த முதல் சில நிமிடம் சார்ட் எழுத உட்காராதீர்கள்.

முதலில் சொல்லிக்கொடுப்பது எண்ட் டைடல்தான். 35-ல் ஓடிக்கொண்டிருந்தது நாலைந்து மூச்சில் 20-க்கு வந்துவிடும். சிஓ2 கொஞ்சமாகப் போனால் முதலில் லேசாக ஏறிவிட்டுக்கூட இறங்கலாம். கூடவே பிபி இறங்கும், சாச்சுரேஷன் குறையும், துடிப்பு தாறுமாறாகும், கழுத்து நரம்பு புடைக்கும். மானிட்டரில் சிஓ2 வளைகோட்டின் வடிவத்தைக் கவனியுங்கள்: மூச்சு சர்க்யூட் கழன்றிருந்தால் கோடு படுத்துவிடும், மூச்சுக்குழாய் இறுகியிருந்தால் ஏறும் பக்கம் சாய்வாகப் போகும், காஸ் அடைத்திருந்தால் வடிவம் அப்படியே இருக்க உயரம் மட்டும் மூச்சுக்கு மூச்சு குட்டையாகும். ரத்தம் நிறையப் போனாலும் குட்டையாகும்தான், ஆனால் அப்போது கழுத்து நரம்பு காலியாக இருக்கும். நுரையீரல் சுருங்கும்படி காற்று சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள். இதயத்தில் மில் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கும் என்று புத்தகத்தில் இருக்கும், அது தாமதமாக வருவது, அதைத் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

சந்தேகம் வந்ததும் வாய்விட்டுச் சொல்லுங்கள். “சார், காஸ் எம்பாலிசமா இருக்கலாம், காஸை நிறுத்துங்க, வயித்தை விடுங்க.” சீனியர் சர்ஜன் என்ன நினைப்பாரோ என்று டியூபை இன்னொரு தடவை தட்டிப் பார்க்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய, அதெல்லாம் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வயிற்று அழுத்தம் இறங்கியதும், அதுவரை அடங்கியிருந்த ஓட்டையிலிருந்து ரத்தம் பாயும். அதனால் சர்ஜன் முதலில் ஒரு கட்டுத்துணியை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வயிற்று அழுத்தத்தை விட வேண்டும், அந்த இடத்தில் சலைனை ஊற்றி மூழ்கடிக்கவும் சொல்லுங்கள், அப்புறம் மேலும் காஸ் இழுக்காது.

உங்கள் பக்கம் ஆக்சிஜனை 100 சதவீதம் ஆக்கி, நைட்ரஸ் ஓடினால் நிறுத்தி, மூச்சின் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். சலைனை வேகமாக விட்டு சிவிபியை ஏற்றுங்கள், இறக்கியே வைத்திருந்த பழக்கத்தில் இங்கே கைக்கட்டுப்பாடு வேண்டாம். கருவிகளை வெளியே எடுத்ததும் தலையைத் தாழ்த்தி, உடம்பை இடது பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள், டேபிள் பெல்ட் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. இப்படிச் சாய்த்தால் குமிழி வலது வென்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரல் பாதையை அடைக்காமல் ஒதுங்கி நிற்கும் என்பது கணக்கு. சென்ட்ரல் லைன் (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய வெயினில் போடும் குழாய்) ஏற்கெனவே இருந்தால் சிரிஞ்ச் போட்டு இழுத்துப் பாருங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தில் புதிதாகப் போடப் போகாதீர்கள். பிபி நிற்கவில்லை என்றால் நார்அட்ரினலின், அட்ரினலின். துடிப்பு போய்விட்டால் மல்லாக்கப் போட்டு நெஞ்சை அழுத்துங்கள், அந்த அழுத்தமே பெரிய குமிழியை உடைத்துத் தள்ள உதவும்.

சிஓ2 என்றால் பல நேரம் சில நிமிடத்தில் எண்ட் டைடல் பழையபடி ஏறிவிடும். அப்புறம் குறைந்த அழுத்தத்தில் தொடர்வதா, வயிற்றைத் திறந்துவிடுவதா என்று சர்ஜனும் நீங்களும் சேர்ந்து முடிவெடுங்கள். திறந்துவிட்டால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம், வெயின் திறந்து சிவிபி குறைவாகவே இருந்தால் அறைக்காற்று உள்ளே போகும், அது இதைவிட மோசம்.

இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே சின்னத் துவாரம் சிலருக்குப் பிறவியிலிருந்தே மூடாமல் இருக்கும், அது வழியாகக் குமிழி மூளைக்குப் போகலாம். நோயாளி விழித்ததும் கண்மணி, பேச்சு, இரண்டு கை, இரண்டு கால் எல்லாம் பார்த்து எழுதுங்கள். ஒரு பக்கம் வீக்காக இருந்தால் சிடி எடுத்து, அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை இருக்கும் சென்டரோடு அப்போதே பேசுங்கள். சேலத்துக்கு அனுப்புவதென்றால் வழியில் இருக்கும் தொப்பூர் கணவாயில் வண்டி நின்றுவிட்டாலும் தாங்கும் அளவுக்கு பிபியை நிலைநிறுத்தி, சிலிண்டரைச் சரிபார்த்து, கூட ஒரு அனஸ்தீசியா டாக்டரோடு அனுப்புங்கள். எத்தனை மணிக்கு இறங்கியது, எப்போது காஸ் நிறுத்தினது, எப்போது ஏறியது என்று நேரத்தோடு எழுதிய தாளையும் கையில் கொடுங்கள்.